குதிரைக்கும் நாய்க்கும் நம் மொழி தெரியுமா?

"பா... பா... பா..." என்று வீட்டுப் புறக்கடையிலிருந்து ஒரு குரல் எழுந்தால் போதும், வேலிக்கு அப்பால் மேயும் கோழிகள் இறகை விரித்துக்கொண்டு ஓடி வருகின்றன. "தோ... தோ..." என்றால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து வாலை ஆட்டுகிறது. வண்டிக்காரர் "ஹை, ஹை!" என்றால் மாடுகள் நடையைத் துரிதப்படுத்துகின்றன, "ஓ...ஓ..." என்று இழுத்துச் சொன்னால் நிற்கின்றன. இவற்றை நாம் சிறு வயதிலிருந்தே கண்டு பழகிவிட்டோம். ஆகவே இவற்றில் வியப்பு ஒன்றும் நமக்குத் தோன்றுவதில்லை.

ஆனால் அறிவியல் பயிலும் மாணவர் இங்கே சற்று நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வண்டிமாடு "ஹை" என்ற சொல்லின் பொருளை அறிந்து நடக்கிறதா? அல்லது அந்த ஒலியின் தன்மையை உணர்ந்து நடக்கிறதா? அல்லது வண்டிக்காரரின் கை அசைவையும் கயிற்றின் இழுப்பையும் கண்டு நடக்கிறதா? "எங்கள் வீட்டு நாய்க்கு நான் சொல்வதெல்லாம் புரியும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதானா? உண்மை என்றால், எந்த அளவுக்கு உண்மை? இதைச் சோதித்து அறிவது எப்படி? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

செவிகளின் எல்லை

ஒலி என்பது காற்றில் பரவும் அதிர்வு என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஒரு விநாடியில் ஏற்படும் அதிர்வுகளின் எண்ணிக்கையை அதிர்வெண் என்கிறோம். இதன் அலகு ஹெர்ட்ஸ். எல்லா உயிர்களின் செவியும் எல்லா அதிர்வெண்களையும் கேட்பதில்லை. சோதனைகளில் கண்டறியப்பட்ட ஏறத்தாழ எல்லைகள் வருமாறு:

மனிதன்: 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை
குதிரை: 55 முதல் 33,500 ஹெர்ட்ஸ் வரை
நாய்: 67 முதல் 45,000 ஹெர்ட்ஸ் வரை
பூனை: 48 முதல் 85,000 ஹெர்ட்ஸ் வரை

நம் பேச்சின் அதிர்வெண்கள் இந்த மூன்று விலங்குகளுக்கும் நன்றாகவே கேட்கும். மேற்கொண்டு, நமக்குக் கேட்காத உயர் ஒலிகளும் அவற்றுக்குக் கேட்கும். எலிக்குஞ்சுகளின் கீச்சொலியில் பெரும்பகுதி நம் செவியின் எல்லைக்கு மேற்பட்டது. பூனைக்கோ அது தெளிவாகக் கேட்கிறது. 1876-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற அறிஞர் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஒலிக்கும் ஊதல் ஒன்றை அமைத்து, விலங்குகளின் செவித்திறனைச் சோதித்தார். இன்று நாய்களைப் பழக்குவோர் பயன்படுத்தும் "ஓசையில்லா ஊதல்" அதன் வழிவந்ததே. ஓசை இல்லாதது நமக்குத்தான், நாய்க்கு அல்ல.

ஏறும் ஒலியும் இழுபடும் ஒலியும்

இப்போது "ஹை, ஹை" என்பதையும் "ஓ...ஓ..." என்பதையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். முதலாவது குட்டையானது, அடுத்தடுத்து வருவது, குரல் மேலே ஏறுவது. இரண்டாவது நீண்டது; இடைவெளி இல்லாதது; குரல் கீழே இறங்குவது. இது நம் ஊர் வண்டிக்காரர்களின் தனி வழக்கமா?

அமெரிக்க ஆய்வாளர் பட்ரீஷியா மக்கானல் இதை ஆராய்ந்தார். குதிரைகளையும் நாய்களையும் பழக்கும், வெவ்வேறு மொழிகளைப் பேசும் பலரின் குரல்களை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அவர்கள் பயன்படுத்திய சொற்கள் மொழிக்கு மொழி வேறுபட்டன. ஆனால் ஒலியின் வடிவம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. விலங்கை விரைவுபடுத்த வேண்டுமானால் குட்டையான ஒலிகளைத் திரும்பத் திரும்ப எழுப்பினர். நிறுத்தவோ அமைதிப்படுத்தவோ வேண்டுமானால் ஒரே நீண்ட ஒலியை எழுப்பினர். பின்னர் அவர் நாய்க்குட்டிகளைக் கொண்டு செய்த சோதனையின் முடிவு 1990-இல் வெளிவந்தது. "வா" என்று பழக்குவதற்கு, ஏறிச் செல்லும் நான்கு குட்டை ஒலிகள் ஒரு நீண்ட இறங்கும் ஒலியைவிட நன்கு பயன்பட்டன.

நாவினால் "டக், டக்" என்று ஒலியெழுப்பிக் குதிரையை ஓட்டிய ஜட்கா வண்டிக்காரரும், "பா... பா..." என்று கோழியை அழைக்கும் பாட்டியும் ஒலியியல் படித்தவர்கள் அல்லர். பல தலைமுறைகளாக விலங்குகளோடு வாழ்ந்த மக்கள், எது பயன்பட்டதோ அதை வைத்துக்கொண்டனர், பயன்படாததை விட்டுவிட்டனர்.

கணக்குப் போட்ட குதிரை

ஒலி மட்டும்தான் செய்தியைக் கொண்டு செல்கிறதா? இக்கேள்விக்கு விடை தந்த ஒரு புகழ்பெற்ற வரலாற்றை ஒவ்வோர் அறிவியல் மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் இருந்தார். அவர் ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதுபோல் கணக்குக் கற்பித்தார். "மூன்றும் நான்கும் எத்தனை?" என்று கேட்டால் ஹான்ஸ் முன்னங்காலின் குளம்பால் ஏழு முறை தட்டும். பின்னக் கணக்கும் போடும். "எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை என்றால் அடுத்து வரும் வெள்ளிக்கிழமை எந்தத் தேதி?" என்பது போன்ற கேள்விகளுக்கும் சரியாகத் தட்டும். ஊரே திரண்டு வந்து பார்த்தது. ஆஸ்டன் இதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

1904-இல் கார்ல் ஷ்டும்ப் என்ற உளவியல் பேராசிரியரின் தலைமையில் ஒரு குழு குதிரையைப் பார்வையிட்டது. மோசடி எதுவும் இல்லை என்று அது கூறியது. ஆஸ்டன் இல்லாதபோது வேறு ஒருவர் கேட்டாலும் ஹான்ஸ் சரியாகவே தட்டியது! அப்படியானால் குதிரைக்குக் கணக்குத் தெரியும் என்றுதானே முடிவு செய்யத் தோன்றும்?

ஷ்டும்ப்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அவ்வாறு அவசரப்படவில்லை. அவர் இரண்டு எளிய மாற்றங்களைச் செய்தார். முதலாவதாக, எண் எழுதிய அட்டையைத் தாம் பாராமலே குதிரைக்குக் காட்டினார். அதாவது, கேட்பவருக்கே விடை தெரியாது. இரண்டாவதாக, குதிரையின் கண்ணுக்குப் பக்கத்தில் மறைப்பிட்டு, கேட்பவரைக் குதிரை காணாதபடி செய்தார்.

விளைவு என்ன? கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தபோது ஹான்ஸ் நூற்றுக்கு 98 முறை சரியாகத் தட்டியது. தெரியாதிருந்தபோது நூற்றுக்கு 8 முறைதான்! கேட்பவரைக் காண இயலாதபோதும் அது தடுமாறியது.

ஹான்ஸ் எண்களைப் படிக்கவில்லை, மனிதரைப் படித்தது. கேள்வி கேட்பவர் குளம்பைப் பார்ப்பதற்காகத் தம்மையறியாமல் தலையைச் சிறிது குனிவார். தட்டல் சரியான எண்ணை எட்டியதும் அவருடைய மன இறுக்கம் தளர்ந்து தலை இம்மியளவு நிமிரும். சில வேளைகளில் அந்த அசைவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குதிரைக்கு அதுவே "நிறுத்து" என்ற கட்டளை. இந்த இரகசியத்தைக் கண்டறிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தம் தலையசைவை முழுவதும் அடக்க முடியவில்லை. 1907-இல் அவர் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

"அப்படியானால் ஹான்ஸ் ஒரு சாதாரணக் குதிரைதான்" என்று சிலர் ஏமாற்றம் அடையலாம். ஆனால் பாருங்கள்: கூடியிருந்த நூற்றுக்கணக்கான மனிதர்களில் ஒருவர் கண்ணிலும் படாத ஓர் அசைவு, அந்தக் குதிரையின் கண்ணில் தவறாமல் பட்டிருக்கிறது. கூட்டல் போடும் திறமையைவிட இது எவ்வகையில் குறைந்தது?

குதிரையின் உலகம்

குதிரைக்கு இத்தகைய கண் எப்படி வாய்த்தது? குதிரை புல்வெளியில் கூட்டமாக மேயும் விலங்கு. வேட்டையாடும் விலங்கின் அசைவை முன்கூட்டியே கண்டு ஓடினால்தான் அது பிழைக்கும். கூட்டத்தில் ஒரு குதிரை தலை நிமிர்ந்தால் மற்றவையும் உடனே நிமிர வேண்டும். சிறு அசைவைப் படிப்பது அதன் உயிர்காக்கும் கலை.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. இதனால் அது ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னே சிறு பகுதியும், வாலுக்கு நேர் பின்னே சிறு பகுதியும் மட்டுமே அதற்குத் தெரியாத இடங்கள். பின்புறமாகச் சத்தமின்றி நெருங்குபவரைக் குதிரை உதைப்பது இதனால்தான். அது குணக்கேடு அன்று. திடீரென்று முளைத்த ஓர் உருவத்தைக் கண்ட அச்சம். ஆகவே குதிரையை நெருங்குவோர் பக்கவாட்டில், தோள்புறமாக, மெல்லப் பேசிக்கொண்டே செல்ல வேண்டும்.

ஒலி வரும் திசையை அறிவதில் ஒரு விந்தையைக் காண்கிறோம். இடப்புறம் எழும் ஒலி நம் இடச்செவியை முதலிலும் வலச்செவியைச் சற்றுப் பின்னும் அடைகிறது. செவிகளுக்கிடையே 20 சென்டிமீட்டர் தூரம் என்று கொண்டால், ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டராதலால், இந்தத் தாமதம் 0.2 ÷ 340, அதாவது சுமார் 0.0006 விநாடி. இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு மூளை திசையைக் கணிக்கிறது. மனிதன் ஏறத்தாழ 1 பாகை வேறுபாட்டைக்கூட உணர்கிறான். குதிரையின் தலை பெரியது, தாமதமும் அதிகம். எனவே அது நம்மைவிட நன்றாகத் திசையறியும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் சோதனையில் குதிரையால் சுமார் 25 பாகை வேறுபாட்டைத்தான் உணர முடிந்தது! காரணம் என்ன? நம் கண்ணின் கூர்மையான பார்வை மிகக் குறுகிய பகுதியிலே உள்ளது. அதைச் சரியான இடத்திற்குத் திருப்ப, துல்லியமான செவி தேவை. குதிரையோ அகன்ற பரப்பை ஒரே நேரத்தில் பார்க்கிறது. செவி "அந்தப் பக்கம்" என்று சொன்னால் போதும். மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

குதிரையின் காது மடல்கள் ஒன்றையொன்று சாராமல் திரும்ப வல்லவை. அவையே அதன் மனத்தைக் காட்டும் திசைகாட்டிகள். மடல்கள் முன்னோக்கி நின்றால் எதையோ கவனிக்கிறது. ஒன்று முன்னும் ஒன்று பின்னும் திரும்பினால் இரண்டு பக்கமும் கேட்கிறது. இரண்டும் பின்னோக்கிப் பிடரியோடு ஒட்டிப் படிந்தால் சினம் கொண்டிருக்கிறது, விலகிச் செல்லுங்கள்.

குதிரை ஏறுவோர் சொல்லால் பேசுவது குறைவு. தொடையின் அழுத்தம், உடல் எடையின் சாய்வு, கடிவாளத்தின் இழுப்பு ஆகியவையே மொழி. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அழுத்தம் கேள்வி மட்டுமே. அதை விடுவிப்பதுதான் "நீ செய்தது சரி" என்ற விடை. குதிரை சொன்னபடி செய்த அக்கணமே அழுத்தத்தைத் தளர்த்தினால் அது விரைவில் கற்கிறது. தளர்த்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், எது சரி என்பது அதற்குத் தெரியாமலே போகிறது.

குதிரைகள் ஒன்றன் பிடரி அடியை மற்றொன்று பற்களால் மெல்லக் கோதிவிடுவதைக் காணலாம். அதே இடத்தை மனிதர் சொறிந்து கொடுத்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைவதாக 1993-இல் பிரான்சில் நடந்த ஆய்வு காட்டியது. 2016-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டினர். கோபமான முகத்தைக் கண்டபோது அவற்றின் இதயத் துடிப்பு விரைவாக உயர்ந்தது. நம் முகத்தையும் குதிரை படிக்கிறது என்பது இதனால் விளங்குகிறது.

காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

குதிரை நம்மைப் படிக்கிறது. நாம் குதிரையைப் படிக்காவிட்டால் என்னவாகும்? அதற்கு நம் தென்பாண்டி நாட்டிலேயே ஒரு சான்று உள்ளது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்கள் அரபு நாடுகளிலிருந்தும் பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகளை வாங்கினர். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திற்கு அருகிலிருந்த காயல் துறைமுகம் இவ்வாணிகத்திற்குப் பெயர் பெற்றது. குற்றால மலைத்தொடரின் நீரைச் சுமந்து வரும் சிற்றாறு, தாமிரபரணியோடு சேர்ந்து கடலை அடைவதும் அப்பகுதியில்தான். அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ இதைப் பற்றி எழுதியுள்ளார். ஆண்டுதோறும் ஏராளமான பொன் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவை விரைவில் இறந்துவிட்டன என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கு இல்லை என்றும், சமைத்த சோறும் இறைச்சியும் தீனியாக இடப்பட்டன என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

குதிரை, புல்லை நாள் முழுதும் சிறிது சிறிதாக மேய்ந்து, பெருங்குடலில் நுண்ணுயிர்களின் துணையால் செரிக்கும் விலங்கு. அதற்கு இறைச்சிச் சோறு எப்படி ஒத்துக்கொள்ளும்? அன்று இட்டவர்கள் தீய எண்ணத்தோடு இட்டிருக்க மாட்டார்கள். தமக்கு உயர்ந்தது எதுவோ அதையே இட்டிருப்பார்கள். ஆனால் அன்பு மட்டும் இருந்து அறிவு இல்லாவிட்டால் விலங்கு பிழைப்பதில்லை. நம் ஐயனார் கோயில்களில் அழகிய மண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. மண் குதிரைக்கு எதைப் படைத்தாலும் தகும். உயிருள்ள குதிரைக்கு அதன் உடல் கேட்பதைத்தான் தரவேண்டும்.

நாய்: பழைய நண்பன்

குதிரை மனிதனோடு சேர்ந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. நாயோ குறைந்தது 14,000 ஆண்டுகளாக நம்மோடு வாழ்கிறது. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே, அவ்வளவு பழைமையான புதைகுழியில் மனிதரோடு ஒரு நாயும் புதைக்கப்பட்டிருந்தது. நம் நாட்டிலும் இதற்கு அழகிய சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. வீரன் ஒருவன் இறந்துபட்டபோது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயின் உருவம் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது!

நாய்க்குச் சொற்கள் புரியுமா? ஓரளவு புரியும். ரிக்கோ என்ற நாய் 200-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பெயர் சொன்னதும் எடுத்து வந்ததாக 2004-இல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 2016-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள், காந்தப் புலத்தின் துணையால் மூளையைப் படம் பிடிக்கும் கருவியில் அசையாமல் படுத்திருக்க நாய்களைப் பழக்கினர். பாராட்டுச் சொற்களைப் பாராட்டும் குரலில் சொன்னபோது மட்டுமே அவற்றின் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி நன்கு தூண்டப்பட்டது. பொருளற்ற சொல்லைக் கொஞ்சும் குரலில் சொன்னாலும், பாராட்டுச் சொல்லை உணர்ச்சியின்றிச் சொன்னாலும் அவ்வாறு நேரவில்லை. சொல்லும் குரலும் ஒன்றுபட வேண்டும் என்று நாய் எதிர்பார்க்கிறது.

பாசத்திற்கு உடலில் ஏதேனும் அடையாளம் உண்டா? தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை நீங்கள் உயிரியலில் படித்திருக்கலாம். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கியபோது, இருவர் உடலிலும் அது மிகுந்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் கண்டனர். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இவ்விளைவு காணப்படவில்லை. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள்: இது பழகிய நாய்க்கு மட்டுமே பொருந்தும். அறியாத நாயை உற்று நோக்குவது, நாய்களின் மொழியில் சண்டைக்கு அழைப்பதாகும்.

வெள்ளை நாயும் கேளாச் செவியும்

எங்கள் கடையநல்லூரிலிருந்து புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி வழியாக வடக்கே சென்றால் ராஜபாளையம் வரும். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அவ்வூர் நாயினம் நாடறிந்தது. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தபால்தலைகளுள் ராஜபாளையமும் ஒன்று. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவையும் நம் தென்பகுதியின் புகழ்பெற்ற இனங்களே.

வெண்ணிறம் மிகுந்த நாயினங்கள் பலவற்றில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. ராஜபாளையம் இனத்திலும் இது காணப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்செவியிலும் உள்ளன. அவை அங்கு இல்லாதபோது, ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் உறுப்பு, குட்டி பிறந்த சில வாரங்களில் சிதைகிறது.

வீட்டார் இதை எளிதில் அறிவதில்லை. ஏன்? கூப்பிட்டதும் மற்றக் குட்டிகள் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்து இதுவும் ஓடுகிறது. சோற்றுத் தட்டைத் தூக்கும் கையைக் காண்கிறது. நடக்கும்போது தரையில் எழும் அதிர்வைக் காலால் உணர்கிறது. ஹான்ஸ் என்ற குதிரை கணக்குத் தெரிந்ததுபோல் தோன்றியதல்லவா? அதே முறையில் இக்குட்டியும் காது கேட்பதுபோல் தோன்றுகிறது! பின்னர் அது தனியே வளரும்போது "சொன்ன பேச்சு கேளாத நாய்" என்ற பெயரை வாங்குகிறது; அடியும் வாங்குகிறது. உறங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வருகிறது. உடனே "வெறிக் குணம்" என்று துரத்தப்படுகிறது. அதற்குச் செவிதான் இல்லை. குற்றம் எதுவும் இல்லை.

சோதனை எளிது. குட்டி தனியே, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நிழல் விழாமல், காற்று படாமல், தரை அதிராமல், தொலைவிலிருந்து ஓர் ஒலி எழுப்ப வேண்டும். வெவ்வேறு வேளைகளில் பலமுறை செய்து குறித்துக்கொள்ள வேண்டும். ஐயம் வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். செவிட்டு நாயைக் கைச்சைகையால் நன்கு பழக்கலாம். அது காணும்படி முன்புறமாகச் செல்ல வேண்டும். தரையைக் காலால் மெல்லத் தட்டி எழுப்பலாம். இக்குறை மரபுவழி வருவதால் அதை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தாமல் விடுவது நலம்.

தவறாகப் படித்தால்

ஒரே சைகை எல்லா உயிர்களிடத்தும் ஒரே பொருள் தருவதில்லை. குற்றால அருவிக்கரையில் குரங்கு பல்லைக் காட்டினால் "சிரிக்கிறது" என்று சிறுவர்கள் தாமும் பல்லைக் காட்டுகின்றனர். குரங்கின் மொழியில் அது சிரிப்பன்று. அச்சமோ மிரட்டலோ ஆகும். நாய் தளர்ந்த உடலோடு வாலை அகல ஆட்டினால் நட்பு. உடல் விறைத்து, வால் உயர்ந்து, சிறிதாகத் துடித்தால் எச்சரிக்கை. பூனை வாலை விசிறினால் "என்னை விடு" என்று பொருள். காதை மடக்குதல், முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல், வாலைக் கால்களுக்கிடையே இடுக்குதல் ஆகியவை அஞ்சும் நாயின் வேண்டுகோள்கள். அவற்றைப் படிக்காமல் மேலும் நெருங்கும்போதுதான் அது உறுமுகிறது, கடைசியாகக் கடிக்கிறது. உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் எந்த நாயையும் தொடாதீர்கள். அறியாத நாய் நெருங்கினால் ஓடாதீர்கள். கைகளைப் பக்கத்தில் வைத்து, வேறு பக்கம் பார்த்து, அசையாமல் நில்லுங்கள்.

நாய் கடித்துவிட்டாலோ, பிறாண்டினாலோ, சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்லுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள் எதையும் அப்பாதீர்கள். வீட்டாருக்குப் பயந்து மறைக்கவே மறைக்காதீர்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது. அதற்குமுன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் காக்க முடியும். லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அளித்த சிகிச்சை இது.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு நாய், பழகிய நாயாக இருந்தால், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு இச்சோதனையைச் செய்யலாம். "உட்கார்" என்ற கட்டளை அதற்குத் தெரியும் என்று கொள்வோம்.

1. வழக்கமான சொல்லையும் குரலையும் கைச்சைகையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
2. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லை மட்டும் சொல்லுங்கள்.
3. வாய் திறவாமல் சைகையை மட்டும் காட்டுங்கள்.
4. அதே குரலில் "உட்கார்" என்பதற்குப் பதில் "கத்தரிக்காய்" என்று சொல்லுங்கள்.
5. கதவுக்குப் பின்னே மறைந்து நின்று சொல்லை மட்டும் சொல்லுங்கள். நாய் உட்கார்ந்ததா என்பதை நண்பர் குறித்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொன்றையும் பத்து முறை செய்யுங்கள். எதை எப்போது செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து நாயைச் சலிக்க வைக்காதீர்கள். நூற்றுக்கு எத்தனை முறை சரி என்று கணக்கிட்டு அட்டவணை எழுதுங்கள். மூன்றாவது வரிசை இரண்டாவதைவிட உயர்ந்திருந்தால், உங்கள் நாய் செவியைவிடக் கண்ணையே அதிகம் நம்புகிறது என்று கொள்ளலாம். நாய் இல்லாதவர்கள் கோழிகளிடம் "பா... பா..." என்ற அழைப்பை நீட்டியும் குறுக்கியும் சோதிக்கலாம்.

விலங்குகளுக்கு நம் மொழி தெரியுமா என்ற கேள்வியோடு தொடங்கினோம். சில சொற்கள் தெரியும். குரல் நன்றாகத் தெரியும். நம் உடலும் முகமும் மிக நன்றாகத் தெரியும். அவை நம்மைப் படிக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உழைத்துவிட்டன. இனி அவற்றைப் படிப்பது நம் முறை.

சிந்திக்க

1. 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் எவ்வளவு?
2. வண்டிக் குதிரையின் கண்களுக்குப் பக்கத்தில் தோல் மறைப்பு இடுவது ஏன்?
3. புதிய மருந்தைச் சோதிக்கும்போது, எது உண்மை மருந்து என்பதை நோயாளிக்கும் தருபவருக்கும் தெரிவிப்பதில்லை. ஃபுங்ஸ்டின் சோதனையோடு இதை ஒப்பிடுக.